வருஷத்துக்கு 25,000 டாலரில் வாழ்ந்த என்எஃப்எல் வீரர்: 26 வயசுல அவர் வாங்கினது என்ன?



2017 ஜூலை 27, வியாழக்கிழமை. அமெரிக்காவின் பால்டிமோர் ரேவன்ஸ் அணி, புது சீசனுக்கான பயிற்சி முகாமைத் தொடங்கும் நாள். அன்று காலை ஜான் அர்ஷெல் என்ற வீரர், தான் ஓய்வு பெறுவதாக அணிக்குத் தகவல் சொல்லிவிட்டார்.

அவருக்கு வயசு 26. அணி அவரை வெளியே அனுப்பலை. அந்த வருஷம் அவருக்கு வர வேண்டிய சம்பளம் 6,90,000 டாலர். அதை அப்படியே வேண்டாம்னு விட்டுட்டு, பாஸ்டன் பக்கத்தில் இருக்கும் எம்ஐடியில் கணிதம் படிக்கப் போய்ட்டார்.

"லட்சக்கணக்கில் டாலர் சம்பாதிச்சவர், அவருக்கென்ன, விடலாம்"னு தோணுதா? அங்கேதான் விஷயம் இருக்கு. அவர் அளவுக்கு, ஏன், அவரை விட பல மடங்கு சம்பாதிச்ச வீரர்கள் கூட வேலை போனதும் திவால் ஆகியிருக்காங்க. அர்ஷெல் என்ன வித்தியாசமா பண்ணார்? மாசச் சம்பளம் வாங்குற நமக்கு அதில் எடுத்துக்க என்ன இருக்கு? வாங்க, கணக்கு போட்டே பார்க்கலாம்.

முதல்ல, அது என்ன வேலை?

அமெரிக்கன் ஃபுட்பால்னா காலால் உதைக்கிற கால்பந்து இல்லை. முட்டை வடிவப் பந்தைக் கையில் வெச்சுக்கிட்டு, எதிரணியை இடிச்சுத் தள்ளி முன்னேறுற ஆட்டம். ஒரு பக்கம் 11 பேர். பந்தை எறியும் குவார்ட்டர்பேக்தான் ஹீரோ. போஸ்டர், விளம்பரம் எல்லாம் பெரும்பாலும் அவருக்குத்தான்.

அவருக்கு முன்னாடி சுவர் மாதிரி 5 பேர் நிப்பாங்க. நடுவில் ஒரு சென்டர், அவருக்கு ரெண்டு பக்கமும் கார்டு, கடைசியில் டேக்கிள். இவங்கதான் அஃபென்சிவ் லைன்மேன். ஒவ்வொருத்தரும் சாதாரணமா 135, 140 கிலோ இருப்பாங்க. பந்தோடு ஓடுறதோ, பாயின்ட் எடுக்கிறதோ இவங்க வேலை இல்லை. குவார்ட்டர்பேக்கை நோக்கிப் பாயுற எதிரணி ஆட்களைத் தடுக்கணும், பந்தோடு ஓடுறவருக்கு வழி திறந்து விடணும். அவ்வளவுதான். நல்லா செஞ்சா யாரும் கவனிக்க மாட்டாங்க. ஒரு தடவை கோட்டை விட்டா நாடே பார்க்கும்.

இன்னொரு முக்கியமான விஷயம், இவங்களுக்குக் கிட்டத்தட்ட ஒவ்வொரு ஆட்டத் துண்டும் மோதலில்தான் ஆரம்பிக்கும். பெரிய அடி எப்பவாவது ஒண்ணுதான். ஆனா சின்னச் சின்ன மோதல்கள் ஒரே மேட்ச்சில் பல டஜன். இதை ஞாபகம் வெச்சுக்குங்க, பின்னாடி வரும்.

ஆஃபர் லெட்டரைப் பிரிச்சுப் பார்ப்போம்

அர்ஷெல் கனடாவின் வின்னிபெக்கில் பிறந்து, நியூயார்க் மாநிலத்தின் பஃபலோவில் வளர்ந்தவர். பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் ஃபுட்பால் ஆடிக்கிட்டே கணிதத்தில் இளங்கலையும் முதுகலையும் முடிச்சார். 2014 டிராஃப்டில் ஐந்தாவது சுற்றில், 175-வது ஆளாக ரேவன்ஸ் அவரை எடுத்தது. கேம்பஸ் இன்டர்வியூவில் கடைசிப் பக்கமா பேர் வந்த மாதிரின்னு வெச்சுக்கலாம்.

நாலு வருஷ கான்ட்ராக்ட். மொத்தம் 23,64,560 டாலர். அப்போ ஒரு டாலர் சுமார் 60 ரூபாய், அதாவது 14 கோடி ரூபாய்க்கு மேல். கேட்கவே தலை சுத்தும். ஆனா பிரிச்சுப் பார்த்தா படம் மாறும்:

- சைனிங் போனஸ்: 1,44,560 டாலர்
- 2014 சம்பளம்: 4,20,000
- 2015: 5,10,000
- 2016: 6,00,000
- 2017: 6,90,000

இந்தச் சம்பளம் எல்லாமே அந்தந்த அனுபவத்துக்கு லீக் வெச்சிருந்த குறைந்தபட்ச சம்பளம். அதோட, போனஸ் கைக்கு வந்த காசு. ஆனா வருஷச் சம்பளம் அப்படி உறுதியானது கிடையாது. சீசன் தொடங்குறதுக்கு முன்னாடி அணி அவரை நீக்கிட்டா அந்த வருஷச் சம்பளம் போச்சு. அப்போ சீசன் நடந்த 17 வாரங்களில் பிரிச்சுத்தான் பணம் வந்தது.

வரியையும் சேர்த்துக்குங்க. அன்றைய அமெரிக்க மத்திய வருமான வரியின் மேல் அடுக்கு 39.6 சதவீதம். மாநில வரி தனி. வெளியூர் மேட்ச் ஆடப் போனா, அந்த மாநிலமும் தன் பங்குக்கு வரி கேட்கும். ஏஜென்ட் கமிஷன் 3 சதவீதம் வரை. நம்ம சிடிசிக்கும் கையில் வர்ற சம்பளத்துக்கும் நடுவில் இருக்கிற அதே பள்ளம்தான், கொஞ்சம் பெரிய சைஸில்.

இதுக்கு மேல, இந்த வேலை எத்தனை நாள்? வீரர்கள் சங்கம் சொல்லும் சராசரி சுமார் 3.3 வருஷம்.

25,000 டாலர் வாழ்க்கை

2015-ல் அர்ஷெல் ஒரு விஷயம் சொன்னார். வருஷத்துக்கு 25,000 டாலருக்கும் குறைவாகத்தான் செலவு செய்கிறாராம். அந்த வருஷம் அமெரிக்காவில் ஒரு நடுத்தரக் குடும்பத்தின் வருமானம் சுமார் 56,000 டாலர். அதில் பாதி கூட இல்லை! வீட்டை ஒரு நண்பரோடு பகிர்ந்துக்கிட்டார். ஓட்டினது செகண்ட் ஹேண்ட் நிசான் வெர்சா, சின்ன ஹேட்ச்பேக்.

இதைப் படிச்சதும் "வயித்தைக் கட்டி, வாயைக் கட்டி"ன்னு ஒரு கஞ்சப் படம் மனசில் ஓடும். ஆனா அவர் சொன்ன காரணம் வேற. தனக்கு ரொம்பப் பிடிச்சது கணிதம் படிக்கிறது, ஆராய்ச்சி பண்றது, செஸ் ஆடுறது, இதுக்கெல்லாம் பெரிசா காசு தேவைப்படலைங்கிறதுதான் அவர் விளக்கம். ஏதோ பெரிசா வாங்கணும்னு சேர்க்கவும் இல்லையாம்.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கு. ஆசையை அடக்கிச் சேர்க்கிற சேமிப்பு ரொம்ப நாள் தாங்காது. மூணு மாசம் ஸ்விக்கி ஆப்பை அழிச்சுட்டு, நாலாவது மாசம் மொத்தமா கொட்டித் தீர்ப்போம். அர்ஷெல் ஆசையை அடக்கலை. தனக்கு எது உண்மையிலேயே பிடிக்கும்னு தெரிஞ்சு வெச்சிருந்தார். டீம்ல எல்லாரும் பெரிய வண்டி வெச்சிருக்காங்களேன்னு வாங்குற வண்டி, நம்ம ஆசை கிடையாது. அது அடுத்தவங்க ஆசைக்கு நாம கட்டுற இஎம்ஐ.

மத்தவங்களுக்கு என்ன ஆச்சு?

"என்எஃப்எல் வீரர்களில் 78 சதவீதம் பேர் ரெண்டே வருஷத்தில் திவால்"னு ஒரு வரி இணையம் முழுக்கச் சுத்துது. 2009-ல் ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட் பத்திரிகையில் வந்த கட்டுரையிலிருந்து கிளம்பினது. அந்தக் கட்டுரை சொன்னது "திவால், அல்லது வேலையின்மை, விவாகரத்தால் பண நெருக்கடி"ன்னு. பரவும்போது "திவால்" மட்டும் மிஞ்சிடுச்சு.

நீதிமன்ற திவால் மனுக்களை வெச்சுச் செஞ்ச ஆய்வு 2015-ல் வந்தது. 1996 முதல் 2003 வரை டிராஃப்டில் தேர்வான வீரர்களைப் பொருளாதார அறிஞர்கள் ஆராய்ந்தாங்க. ஓய்வு பெற்ற 12 வருஷத்துக்குள் திவால் மனு போட்டவங்க கிட்டத்தட்ட 16 சதவீதம். 78-ஐ விட ரொம்பக் குறைவுதான். ஆனாலும் லட்சக்கணக்கில் டாலர் சம்பாதிச்சவங்களில் ஆறு பேரில் ஒருத்தர்!

அதை விட முக்கியமான கண்டுபிடிப்பு ஒண்ணு உண்டு. எத்தனை வருஷம் ஆடினாங்க, மொத்தம் எவ்வளவு சம்பாதிச்சாங்க என்பதெல்லாம் திவாலிலிருந்து பெரிசா காப்பாத்தலை. அதிக சம்பளம் வாங்கினவரும் குறைவா வாங்கினவரும் ஏறக்குறைய ஒரே ஆபத்தில்தான் இருந்தாங்க.

"அடுத்த ஹைக் வரட்டும், அப்புறம் சேர்க்க ஆரம்பிக்கிறேன்"னு சொல்ற எல்லாரும் இதை ஒரு தடவை திரும்பப் படிங்க.

ஒரே சம்பளம், ரெண்டு வாழ்க்கை

இப்போ ஒரு சின்ன கணக்கு. அர்ஷெல் ஆடின மூணு சீசனுக்கான சம்பளமும் போனஸும் சேர்த்தா 16,74,560 டாலர். வரி, கமிஷன் எல்லாம் போய் பாதிதான் கைக்கு வந்ததுன்னு வெச்சுக்குவோம். 8,37,280 டாலர். முதலீட்டு லாபம் எதையும் சேர்க்க வேண்டாம்.

முதல் ஆள், வருஷத்துக்கு 25,000 செலவு பண்றார். மூணு வருஷத்தில் 75,000 போச்சு. மீதி 7,62,280. வேலையை விட்டா, அதே செலவில் 30 வருஷம் ஓட்டலாம்.

ரெண்டாவது ஆள், வருஷத்துக்கு 2,50,000 செலவு பண்றார். பெரிய வீடு, பெரிய வண்டி, நண்பர்களுக்கு விருந்து. இந்த லீக்கில் இது ஊதாரித்தனம்னு யாருமே சொல்ல மாட்டாங்க. மூணு வருஷத்தில் 7,50,000 போச்சு. மீதி 87,280. வேலையை விட்டா, நாலு மாசம்.

அதே வேலை, அதே சம்பளம், அதே மூணு வருஷம். ஒருத்தருக்கு 30 வருஷம், இன்னொருத்தருக்கு 4 மாசம். செலவைக் குறைச்சா ரெண்டு பக்கமும் லாபம். சேர்ற பணமும் கூடும், அந்தப் பணம் தாங்குற நாளும் கூடும். சம்பள உயர்வால் இந்த ரெண்டாவது வேலையைச் செய்ய முடியாது.

அந்த 30 வருஷம் எதுக்குத் தேவைப்பட்டது?

2015 ஆகஸ்ட், பயிற்சி முகாம். ஒரு மோதலில் அர்ஷெலுக்குத் தலையில் அடிபட்டு மூளை அதிர்ந்தது. ஃபுட்பால் வீரர்களுக்கு இது புதுசு இல்லை. ஆனா இவருக்கு ஒரு கூடுதல் பிரச்சினை. அதுக்கப்புறம் கொஞ்ச காலம் உயர் கணிதத்தை முன்ன மாதிரி யோசிக்க முடியலைன்னு அவரே சொல்லியிருக்கார். அதே வருஷம்தான் அவரும் சக ஆராய்ச்சியாளர்களும் எழுதின ஒரு கணித ஆய்வுக் கட்டுரை இதழில் வெளியாகியிருந்தது. ஒரு வேலை, இன்னொரு வேலைக்கான கருவியையே உடைக்கிற நிலைமை!

அவர் உடனே விடலை. குணமாகித் திரும்ப வந்து ஆடினார். ஆட்டம் அவருக்கு அவ்வளவு பிடிக்கும். 2016-ல் எம்ஐடியில் பிஎச்டியும் சேர்ந்தார். ஒரு பக்கம் மேட்ச், ஒரு பக்கம் கணிதம்.

2017 ஜூலை 25. ஜாமா மருத்துவ இதழில் ஒரு ஆய்வு வந்தது. இறந்துபோன 111 என்எஃப்எல் வீரர்களின் மூளைகளைப் பரிசோதிச்சதில், 110-ல் சிடிஇ என்ற மூளைச் சிதைவு நோய் இருந்தது. ஒரு எச்சரிக்கை: பெரும்பாலும் அறிகுறி இருந்தவங்களோட குடும்பங்கள்தான் மூளையை ஆய்வுக்குக் கொடுத்திருப்பாங்க. அதனால எல்லா வீரர்களுக்கும் 99 சதவீதம் ஆபத்துன்னு அர்த்தம் இல்லை. ஆனாலும் தினமும் தலையால் மோதுற ஒருத்தர் சும்மா கடந்து போற செய்தி இல்லை அது.

ரெண்டு நாள் கழிச்சு அவர் ஓய்வை அறிவிச்சார். ஊடகங்கள் ரெண்டையும் முடிச்சு போட்டன. அவர் வெளியிட்ட அறிக்கையில் அந்த ஆய்வைப் பற்றி எதுவும் இல்லை. பெரிய கதை ஒண்ணும் இல்லை, இதுவரைக்கும் சீசனால் போக முடியாம இருந்த வகுப்புகளுக்கு இனி போவேன், டிசம்பரில் முதல் குழந்தையை எதிர்பார்க்கிறோம் என்ற மாதிரிதான் சொன்னார்.

காரணம் எதுவா வேணா இருக்கட்டும். நமக்குத் தேவையானது இது: முடிவு எடுக்க வேண்டிய நாளில், பணம் அவர் கையைப் பிடிச்சு இழுக்கலை.

இழந்தது சின்னத் தொகையும் இல்லை. கண் முன்னாடி 6,90,000 டாலர். அதுக்கு அப்புறம் வரக்கூடிய ரெண்டாவது கான்ட்ராக்ட்தான் லைன்மேன்களுக்கு உண்மையான ஜாக்பாட். இவரோட அதே ரேவன்ஸ் லைனில் ஆடின கெலெச்சி ஒசெமெலே, 2016-ல் ஓக்லண்ட் ரெய்டர்ஸ் அணியோடு 5 வருஷத்துக்கு 5 கோடியே 85 லட்சம் டாலர் கான்ட்ராக்ட் போட்டார். அர்ஷெல் நிரந்தர ஸ்டார்ட்டர் இல்லை, 40 மேட்ச்சில் 13-ல்தான் தொடக்கத்தில் இறங்கியவர். அவ்வளவு கிடைச்சிருக்கும்னு சொல்ல முடியாது. ஆனா அந்தக் கதவு திறந்துதான் இருந்தது.

எல்லாரும் கவனிக்காம விடுற புள்ளி

அர்ஷெல் கதையை "சிக்கனமா இரு"ன்னு முடிச்சுடுவாங்க. நான் வேற ஒண்ணைக் கவனிக்கச் சொல்வேன்.

எம்ஐடி கணிதத் துறையில் பிஎச்டி மாணவர்களுக்குப் பொதுவா கல்விக் கட்டணம் போக மாச உதவித்தொகை கிடைக்கும். பெரிய பணம் இல்லை. ஒரு மாணவர் எளிமையா வாழ்ற அளவு. அர்ஷெலோட 25,000 டாலர் வாழ்க்கையும் கிட்டத்தட்ட அதே அளவுதான்!

அதாவது, அவர் செலவு அன்றைய சம்பளத்தின் அளவில் இல்லை. அடுத்து எந்த வாழ்க்கைக்குப் போக ஆசைப்பட்டாரோ அந்த வாழ்க்கையின் அளவில் இருந்தது. அதனால்தான் லட்சக்கணக்கான டாலர் வேலையிலிருந்து மாணவர் உதவித்தொகைக்கு இறங்கினப்போ, அவர் வீட்டு பட்ஜெட்டில் பெரிய நிலநடுக்கம் வரலை.

உங்க ஆபீஸையே யோசிச்சுப் பாருங்க. சொந்தமா டிசைன் வேலை பண்ணணும், டீச்சர் ஆகணும், யுபிஎஸ்சி எழுதணும்னு சொல்ற நண்பர் இருப்பார். ஆனா வீட்டு லோன், கார் லோன், கிரெடிட் கார்டு எல்லாம் இப்போதைய ஐடி சம்பளத்தின் அளவில் இருக்கும். அப்புறம் எப்படி மாறுவார்? ஆசை ஒரு திசையில், இஎம்ஐ ஒரு திசையில்.

ரெண்டாவது காலும் தரையில் இருந்தது

பணம் மட்டும் இருந்து போக வேற இடம் இல்லைன்னா, அதுவும் சிக்கல்தான். அர்ஷெல் வெளியே வந்தப்போ ஏற்கனவே பிஎச்டி மாணவர். 2021-ல் பட்டம் வாங்கினார். 2023-ல் அதே எம்ஐடியில் உதவிப் பேராசிரியர் ஆனார். வேலை பார்த்துக்கிட்டே அடுத்த கதவைத் தட்டி வெச்சிருந்தார்.

இன்னொரு சின்ன, ஆனா காசுள்ள விஷயம். என்எஃப்எல்லில் மூணு சீசன் கணக்கில் சேர்ந்தால்தான் ஓய்வூதியத் தகுதி கிடைக்கும். அர்ஷெல் மூணு சீசன் முடிச்சிருந்தார். நம்ம ஊர் நிரந்தர ஊழியருக்கு கிராஜுவிட்டிக்கு 5 வருஷம், பிஎஃப்போடு வரும் இபிஎஸ் மாதாந்திர பென்ஷனுக்கு 10 வருஷம் மாதிரி. நாலு வருஷம் எட்டு மாசத்தில் கோபத்தில் பேப்பர் போடுறதுக்கு முன்னாடி, ஒரு தடவை காலண்டரைப் பார்த்துக்குங்க.

அப்படியே காப்பி அடிக்காதீங்க

அர்ஷெலோட நிலைமை எல்லாருக்கும் வாய்க்காது. அந்த நாட்களில் அவர் தனி ஆள். கையில் முதுகலைப் பட்டம். அப்பா அறுவை சிகிச்சை மருத்துவர், அம்மா வழக்கறிஞர். சம்பளத்தை நம்பி வீட்டில் பத்துப் பேர் இருக்கிற வீரரோட செலவை "ஊதாரித்தனம்"னு ஒரே வார்த்தையில் தள்ளிட முடியாது. உங்களுக்கும் எஜுகேஷன் லோன் இருக்கலாம், தங்கச்சி கல்யாணம் இருக்கலாம், அப்பாவோட மருந்துச் செலவு இருக்கலாம். அதைக் குறைக்கச் சொல்ற உரிமை யாருக்கும் இல்லை.

அதனால அவரோட எண்ணை விட்டுடுங்க, முறையை எடுத்துக்குங்க:

1. உங்க "வெளியே போற மாசம்" எத்தனை? உடனே எடுக்கக்கூடிய சேமிப்பு வகுத்தல் ஒரு மாசச் செலவு. 3 லட்சம் இருக்கு, மாசம் 40,000 செலவுன்னா, ஏழரை மாசம். பிஎஃப்பையும் நகையையும் இதில் சேர்க்காதீங்க. எண்ணை எழுதி வெச்சு, ஆறு மாசத்துக்கு ஒரு தடவை பாருங்க.

2. அடுத்த வாழ்க்கையின் சம்பளத்தை விசாரிங்க. நீங்க போக ஆசைப்படுற வேலையில் முதல் ரெண்டு வருஷம் எவ்வளவு வரும்? உங்க நிரந்தரச் செலவு, முக்கியமா இஎம்ஐயும் வாடகையும், அதுக்குள்ள அடங்குதா?

3. அடுத்த ஹைக்கில் பாதியைக் கண்ணில் காட்டாதீங்க. சம்பளம் ஏறுற மாசமே எஸ்ஐபியையும் ஏத்திடுங்க. கைக்கு வந்து பழகின பணத்தைத் திரும்ப வெட்டுறது ரொம்பக் கஷ்டம்.

4. வாரத்துக்கு சில மணி நேரம் ரெண்டாவது காலுக்கு. கோர்ஸ், சின்ன ஃப்ரீலான்ஸ் வேலை, எதுவானாலும் சரி. வேலை இருக்கும்போதே ஆரம்பிக்கணும்.

உங்க வேலையில் தலையால் மோத வேண்டியதில்லை. ஆனா தூக்கம் கெடுற வேலை, முதுகு போற வேலை, திங்கட்கிழமை நினைச்சாலே வயித்தைப் பிசையுற வேலை நம்மில் பலருக்கு இருக்கு. "விட்டுடலாமா"ன்னு யோசிக்கிற நாள் ஒண்ணு வரும். அன்னைக்கு உங்க உடம்பும் மனசும் சொல்றதைக் கேக்கப் போறீங்களா, இல்ல 5-ஆம் தேதி இஎம்ஐ சொல்றதைக் கேக்கப் போறீங்களா? அதை முடிவு பண்றது, இந்த மாசம் நீங்க செலவு பண்ணாம வைக்கிற பணம்தான்.

உங்க "வெளியே போற மாசம்" எத்தனைன்னு கமென்ட்டில் எழுதுங்க. ஒரு மாசம்தான் வந்தாலும் கூச்சப்பட வேண்டாம், எல்லாரும் அங்கிருந்துதான் ஆரம்பிக்கிறோம். அடுத்த வீடியோவில் அந்த எண்ணை எப்படி ஆறு ஆக்குறதுன்னு பார்க்கலாம்.